சொறிக்கு அரை மருந்து

அரிப்புக் கண்ட செம்மறிக்கு மட்டும் ஓர் ஐவர்மெக்டின் ஊசி போட்டுவிட்டு, அதனைச் சொறித்தடுப்பு என்பது தகாது. சொறிக்குக் காரணமான சொரோப்டிஸ் சிற்றுண்ணி, உடலினின்று உதிர்ந்த பின்னும் பட்டியிலும் கம்பளித் துணுக்கிலும் ஏறத்தாழ 2 வாரம் உயிர்த்திருக்கும். ஐவர்மெக்டினோ அத்தனை நாள் காவல் நில்லாது. ஆகவேதான் மந்தை முழுமைக்கும் 7 நாள் இடைவெளியில் 2 ஊசி, பின்னர் வேற்றிடம் என்பது நெறி. மருந்துக் குளியலாயின் ஒரு நிமிடம் உடல் தோய்ந்து, தலையும் முங்க வேண்டும்; மேலோட்டமான தெளிப்பு கம்பளியைக் கடந்து தோலை எட்டாது. ராஜஸ்தானத்து ரைக்கா இடையர் மந்தையோடு மாநில எல்லைகளைக் கடப்பவர்கள். அவர்தம் மந்தையில் விடுபட்ட ஓர் ஆடு போதும், வழிநெடுக நோய் பரவ. ஊசிச் செலவை மிச்சம்பிடிக்கும் முகாம்கள், கம்பளியும் எடையும் இழக்கும் இடையனின் கணக்கை என்று பார்க்கும்?