வகுப்பு நடந்தது, விளைந்தது என்ன?

அண்மையில் நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் ஒரு தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்து, பதினொரு நீல நிற மாத்திரைகளை நம் முன்னால் வைத்தார். கான்கிரீட் வேலைக்குப் போகிறவர். கணவர் கம்பி கட்டுகிறவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கழக்கூட்டம் வந்து 9 ஆண்டு ஆகிறது. எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் காம்பஸ் பெட்டியில் அந்த மாத்திரைகள் இருந்தனவாம். போதை மாத்திரையோ என்று பயந்து, அக்கம்பக்கத்தில் மூச்சு விடாமல் நம்மிடம் கொண்டுவந்திருக்கிறார்.

அது போதை மாத்திரை அல்ல. அரசாங்கம் வாரத்துக்கு ஒன்றாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. மகளைக் கூப்பிட்டு விசாரித்தோம். "வெறும் வயித்துல போட்டா குமட்டுது அக்கா" என்றாள். தாயும் தகப்பனும் காலை 6 மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை ஒரு கட்டன் சாயாவோடு பள்ளிக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்க வேண்டிய மாத்திரையை அவள் வகுப்பில் காலையிலேயே கொடுத்து முடித்துவிடுகிறார்களாம். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்று கேட்டோம். 'விளர்ச்ச' வராமல் இருக்க என்றாள். விளர்ச்ச என்றால் என்ன? அவளுக்குத் தெரியவில்லை. கடையில் பேரம் பேசுகிற அளவுக்கு மலையாளம் பேசுகிற பெண்தான். ஆனால் உடம்பைப் பற்றிய சொற்களை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. விளர்ச்ச என்றால் நம் சோகை, ஆர்த்தவம் என்றால் நம் மாதவிலக்கு என்று எடுத்துச் சொல்ல அந்தப் பள்ளியில் ஆளில்லை.

பதிவேட்டைப் பார்த்தால், பதினொரு வாரமும் அவள் பெயருக்கு நேரே டிக் விழுந்திருக்கும். மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் அது வெற்றிக் கணக்கில் சேர்ந்திருக்கும்.

இதை ஒரு பள்ளியின் குறையாக மட்டும் நாம் எழுதவில்லை. பருவ வயதினருக்கான சுகாதாரக் கல்வியை இந்த நாட்டில் மதிப்பிடும் முறையே இப்படித்தான் பழகிப் போயிருக்கிறது. எத்தனை வகுப்பு, எத்தனை பிள்ளை, எத்தனை மாத்திரை, எத்தனை துண்டுப் பிரசுரம் என்று எண்ணுகிறார்கள். விதைத்ததை எண்ணுகிறவர்கள் விளைந்ததை எண்ணுவதில்லை.

வாராந்திர மாத்திரைத் திட்டம் 2013-ல் நாடு முழுவதும் வந்தது. 2014 ஜனவரி 7-ல் ராஷ்ட்ரிய கிஷோர் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற பெரிய திட்டம் தொடங்கியது. 10 முதல் 19 வயது வரை உள்ள அனைவருக்கும், பள்ளிக்குப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும், சத்துணவு, மனநலம், போதை, பாலியல் நலம், வன்முறை, தொற்றா நோய்கள் என்று ஆறு பொருளில் கல்வி தருவதாக அதன் ஏடு சொல்கிறது. நல்ல ஏடுதான், அதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பலன்? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் சோகை உள்ளவர்கள் 2015-16-ல் நூற்றுக்கு 54 பேர். 2019-21-ல் 59 பேர். இத்தனை ஆண்டு மாத்திரை கொடுத்தும் கணக்கு ஏறியிருக்கிறது! நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் இரத்தத்தில் அளவு சரியாக வராது என்று அறிஞர்கள் சிலர் இந்தக் கணக்கையே மறுக்கிறார்கள். நரம்பில் எடுத்த இரத்தத்தை வைத்து 2016-18-ல் நடந்த வேறொரு தேசியக் கணக்கெடுப்பில், 10 முதல் 19 வயதுப் பெண்களில் சோகை நூற்றுக்கு 40தான். வயது வரம்பும் வேறு, எடுத்த விதமும் வேறு. எப்படி அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே இவ்வளவு வித்தியாசம் வருமென்றால், டிக் போட்டு அளப்பதை என்னவென்று சொல்வது?

கேரளத்தில் அந்த வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத்தான் சோகை. தமிழ்நாட்டில் பாதிக்கு மேல். நம் பெண் பிள்ளைகள் அந்த உடம்போடு வந்து இந்த மாநிலத்தில் குடியிருக்கிறார்கள். கேரளத்தின் நல்ல சராசரிக்குள் அவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். மாநிலம் பாராட்டு வாங்கும்போது நம் பிள்ளையும் நலமாக இருப்பதாக எழுதப்பட்டுவிடுகிறது.

இனி போதைக்கு எதிரான வகுப்புகள். சீருடை அணிந்த அதிகாரி வருகிறார், பேசுகிறார், பிள்ளைகள் கைதட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1983-ல் போலீசாரும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 'டேர்' என்ற இதே மாதிரித் திட்டத்தைத் தொடங்கினார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, ஆசிரியர்களுக்குப் பிடித்தது, பிள்ளைகளுக்கும் பிடித்தது. நாடெங்கும் பரவியது. பிறகு 1990களில் ஆய்வாளர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்த வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகள், உட்காராத பிள்ளைகளை விடக் குறைவாகப் போதை எடுக்கிறார்களா? இல்லை என்றே ஆய்வுக்குப் பின் ஆய்வு சொல்லிற்று. கேட்பவர் ரசித்தார்களா என்று மட்டும் கேட்டிருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்குமா?

ஒரு நாள் பெருங்கூட்டம், இளைஞர் மையம், சக மாணவரை வைத்துப் போதிப்பது ஆகியவை பாலியல் நலக் கல்வியில் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த வெங்கட்ராமன் சந்திரமௌலியும் வேறு இருவரும் 2015-ல் எழுதினார்கள். நம் நாட்டுத் திட்டத்தின் முக்கியத் தூண்களில் ஒன்று சக மாணவர் போதனை என்பது தற்செயலாக இருக்கலாம்.

அப்படியானால் எதுவுமே பலிக்காதா? பலித்த கதையும் உண்டு, அதுவும் பீகாரில். நாலந்தா மாவட்டத்தின் எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற வெளி ஆள் ஒருவர் பள்ளியிலேயே இருந்து பிள்ளைகளோடு பேசினார், குறைகளைக் கேட்டார். அவர் டாக்டரும் அல்ல, ஆசிரியரும் அல்ல. இரண்டாவது பிரிவில் இதே பணியைப் பள்ளியின் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். மூன்றாவதில் வழக்கமான பாடம் மட்டும். கோவாவைச் சேர்ந்த சங்காத் என்ற அமைப்பு நடத்திய இந்த ஆய்வு 2018-ல் லான்செட் ஏட்டில் வந்தது. வெளி ஆள் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும், ஒருவரை ஒருவர் கொடுமை செய்வதும், வன்முறையும் குறைந்திருந்தன. ஆசிரியரிடம் கொடுத்த பள்ளிகளில் மாற்றம் தென்படவில்லை. திட்டம் ஒன்றுதான். பாடச் சுமையும் தேர்வுச் சுமையும் தலையில் இருக்கும் ஆசிரியரை நாம் குறை சொல்லவில்லை. தன்னிடம் மார்க் வாங்க வேண்டிய பிள்ளை தன்னிடமே மனம் திறக்காது என்பது யாருக்கும் தெரிந்ததுதானே. ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதனால் தெரிந்தது. பதிவேட்டை மட்டும் புரட்டியிருந்தால் இரண்டு பிரிவும் ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

நாலந்தாவில் பிள்ளைகள் பெரும்பாலும் அதே ஊரில் இருப்பவர்கள். நம் பிள்ளைகள்? ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு கேள்வித்தாள், ஆண்டு முடிவில் இன்னொன்று என்று வைத்தால், இரண்டையும் எழுதியவர்களை மட்டும்தான் பெரும்பாலும் கணக்கில் எடுப்பார்கள். நடுவில் ஒப்பந்தக்காரர் வேலையை ஆற்றிங்கலுக்கோ நெய்யாற்றின்கரைக்கோ மாற்றினால் குடும்பமும் மாறுகிறது. ஊரில் கிழவிக்கு உடம்பு சரியில்லை என்று பெண் பிள்ளையை அனுப்பினால் அவள் திரும்பி வருவதேயில்லை. சில சமயம் அடுத்து வருவது கல்யாணப் பத்திரிகை. இவர்களை 'விடுபட்டவர்கள்' என்று ஒதுக்கிவிட்டு மீதிப் பேருக்குச் சராசரி போடுகிறார்கள். எந்தப் பிள்ளைக்கு இந்தக் கல்வி அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையே கணக்கில் இல்லை.

ஆண் பிள்ளையின் கதை இன்னும் மோசம். மாத்திரைத் திட்டத்தின்படி பள்ளியை விட்ட பெண்ணுக்காவது அங்கன்வாடி உண்டு. பள்ளியை விட்ட பையனுக்கு ஓரிடமும் கிடையாது. பதினைந்து வயதில் டைல்ஸ் வேலைக்குக் கையாளாகப் போய், புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்குள் ஒதுக்கப் பழகும் பையன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. டெக்னோபார்க் 1990-ல் தொடங்கிய பின் கழக்கூட்டத்தில் எழும்பிய மாடிகளில் நம்மவர் வியர்வை படியாதது எத்தனை? ஆனால் நம்மில் பலருக்கு வாக்கு இன்னும் ஊரில்தான் இருக்கிறது. வாக்கில்லாதவன் பிள்ளையை எண்ண யாருக்கு அவசரம்?

நம் வீட்டையும் பார்ப்போம். மகள் பெரியவளானால் ஊரைக் கூட்டிச் சடங்கு செய்கிறோம். என்ன நடக்கிறது என்று அவளுக்கு ஒரு வார்த்தை சொல்வதில்லை. 'தூரம்', 'தீட்டு' என்று மூலையில் உட்கார வைக்கிறோம். 2007-ல் பள்ளிகளில் வளரிளம் பருவக் கல்விக்கு எதிராகக் கூச்சல் எழுந்து, மகாராஷ்டிரம், கர்நாடகம், மத்தியப் பிரதேசம் முதலிய அரசுகள் அதை நிறுத்தியபோது, நல்லதாயிற்று என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. அந்தக் காம்பஸ் பெட்டிப் பெண் தாயிடம் கேட்காததற்கு மலையாளச் சொல் மட்டும் காரணமல்ல. தாய் வீடு திரும்புவது இரவு 7 மணிக்கு. அதன் பிறகு அடுப்பு.

எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் ரோஷ்னி என்ற திட்டம் வந்தது. இந்தியும் வங்காளமும் ஒடியாவும் தெரிந்த தொண்டர்களைப் பள்ளியில் வைத்து, வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மலையாளம் வசப்பட வழி செய்தார்கள். பாடத்துக்குச் செய்ய முடிந்ததை உடல்நலத்துக்கும் செய்யலாம். கழக்கூட்டத்துப் பள்ளிகளில் தமிழ் தெரிந்த ஒரு பெண் தொண்டர் வாரம் ஒரு நாள் வந்தால் போதும். மாத்திரையை மதியச் சோற்றுக்குப் பின் கொடுக்கட்டும். ஆண்டுக்கு இரு முறை இரத்தம் பார்த்து எண்ணைப் பெற்றோரிடம் சொல்லட்டும். விலகிப் போன பிள்ளையின் பெயரை அடிக்காமல், எங்கே போனது என்று எழுதட்டும். இந்த நான்கையும் எழுதி, பள்ளிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் கவுன்சிலருக்கும் கொடுக்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது.

மனு மட்டும் போதாது. லைன் வீடுகளில் உள்ள 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் பெயர், ஊர், பள்ளியா வேலையா, கடைசியாக இரத்தம் பார்த்தது எப்போது என்ற விவரங்களை, பெற்றோர் சம்மதத்தோடு நாமே எழுதத் தொடங்குகிறோம். நோட்டுப் புத்தகம் வாங்கியாயிற்று. ஞாயிறு மாலை வீட்டுக்கு ஒருவர் வந்து பதிந்துகொள்ளுங்கள். பள்ளியை விட்ட பையன்களின் பெயரை மறைக்காமல் சொல்லுங்கள். முதல் பக்கத்தை அவர்களுக்காகத்தான் விட்டுவைத்திருக்கிறோம்.