அல்லிராணி எங்கட ஊர் ஆளா?



இந்த லீவுக்கு உம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு புத்தளத்திலிருந்து முசலிப் பக்கம் போனோம். சொந்தக்காரர் வீட்டில் பகல் சாப்பாடு. அஸருக்குப் பிறகு அரிப்பில் கடலோரமாக நிற்கும் அல்லிராணிக் கோட்டை. கோட்டை என்கிறோமே தவிர, மிஞ்சியிருப்பது செங்கல் சுவர்களும் தூண்களும்தான். கடல் பக்கம் அரிப்பில் இடிந்து விழுந்து கிடக்கிறது.

"அல்லிராணி எங்கட ஊர் ஆளா?" என்று சின்ன மகள் கேட்டாள். பெரியவர்கள் ஐந்து பேர் நின்றோம், ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அல்லிராணி சனங்கள் சொல்லும் கதை. இந்தக் கட்டடம் முதலாவது பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பைப் பார்வையிடக் கட்டிய மாளிகை. சுவர்ப் பூச்சுக்குச் சிப்பியைச் சுட்டெடுத்த சுண்ணாம்பு. ஆளுநர் மேலே நின்று பார்த்தார், சரி. மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவர்கள் யார்? கீழக்கரை முஸ்லிம்கள், அரபிகள், யாழ்ப்பாணத்து, திருகோணமலைச் சுழியோடிகள். சிலாபம் என்றாலே முத்துக்குளிப்புத்தான். சிலாபத்துறை என்ற பெயரை நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிற நாங்கள் அதை யோசிப்பதே இல்லை.

1905இல் முத்துக்குளிப்பு முகாம் இருந்தது மறிச்சுக்கட்டியில். அந்த ஒரு வருடத்தில் எடுத்த சிப்பி சுமார் 8 கோடி. இன்று மறிச்சுக்கட்டி என்றால் வெளியில் உள்ளவர்களுக்குக் காட்டுப் பிரச்சினை மட்டும்தான் தெரியும். எங்கிருந்தோ வந்து குடியேறியவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதும்போது கோபம் வருகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக் கொடுக்காத நாங்கள் யாரோடு கோபப்படுவது?

1990 ஒக்டோபரை எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லத்தான் வேண்டும். எங்கள் வயதுக்காரர் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தவர்கள், அது மறக்கிற விஷயமா? ஆனால் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் விரட்டப்பட்ட இடம் என்பதோடு நின்றுவிடுகிறது. அதற்கு முதல் அங்கே என்ன தொழில், யார் எந்தத் தோணியில் போனார்கள், ஒன்றும் தெரியாது.

ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. றொபேர்ட் நொக்ஸ் கண்டி இராச்சியத்திலிருந்து தப்பி 1679இல் வந்து சேர்ந்தது இதே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு. நொக்ஸைப் படிப்பிக்கிறோம், அரிப்பு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

சுற்றுலா என்றால் மிருகக்காட்சிசாலை, பின்னவல. பஸ் கட்டிப் போகிறவர்கள் ஒரு தடவை இங்கேயும் போங்கள். சுவரில் ஏற விடாதீர்கள், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். சோற்றுப் பார்சல் தாள்களைத் திரும்பக் கொண்டு வாருங்கள், நாங்கள் போனபோது தூணடியில் குவிந்து கிடந்தது. முக்கியமாக, வயசாளி ஒருவரைக் கூட்டிப் போய்ப் பேச விட்டு, போனில் பதிந்துகொள்ளுங்கள்.

திரும்பி வரும்போது உம்மா சொன்னார், தன் வாப்பாவின் வாப்பா சிலாபத்துக்குப் போனவராம். "வாப்பா அடிக்கடி சொல்லுவார், நாங்க காது குடுக்கல்ல" என்றார். அவர் வபாத்தாகிப் பதினொரு வருடம்.