தாய்மாமன் தந்த பெயர்



இந்த இதழ் அச்சுக்குப் போவதற்கு முந்தைய இரவு, பிழைதிருத்தும் தம்பி இரண்டு தாள்களை நீட்டினார். ஒன்றில் தாமஸ் கிராம்வெல், இன்னொன்றில் ஆலிவர் கிராம்வெல். “ரெண்டும் ஒரே ஆளா சார்? எதைத் திருத்தட்டும்?” “அப்பாவும் மகனும்தான், அப்படியே விடுப்பா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். பாதி டம்ளரிலேயே உறுத்தியது. 1540இல் செத்த அப்பாவுக்கு 1599இல் எப்படி மகன் பிறப்பான்?

அன்றிரவு என் தூக்கம் போனது. தேடியதில் கிடைத்ததை உங்களோடு பகிராமல் எப்படி?

தாமஸின் அப்பா வால்டர், லண்டனுக்குப் பக்கத்தில் பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர். ஏல் என்ற பார்லி மதுவும் காய்ச்சி விற்றார். அளவு விதியை மீறியதாக ஆறாறு பென்ஸாகப் பலமுறை அபராதம் கட்டியிருக்கிறார். அந்த வீட்டுப் பையன்தான் எட்டாம் ஹென்றியின் வலது கையாகி, இங்கிலாந்தின் மடாலயங்களை இழுத்து மூடி, கடைசியில் அதே மன்னரின் ஆணையால் 1540 ஜூலை 28 அன்று தலையை இழந்தார். மன்னருக்கு அன்றைக்குத்தான் ஐந்தாவது கல்யாணம்.

தாமஸின் அக்கா கேத்தரின், மார்கன் வில்லியம்ஸ் என்ற வேல்ஸ்காரரைக் கட்டிக்கொண்டார். அவர்கள் மகன் ரிச்சர்ட் வில்லியம்ஸ், மாமனிடம் வேலைக்குச் சேர்ந்து, மாமனின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். தாய்மாமன் சீர் என்றால் இதுவல்லவா சீர்! கூடவே ராம்சி மடாலயத்து நிலங்களும் வந்து சேர்ந்தன. மாமன் தலை உருண்ட பிறகும் ரிச்சர்ட் அந்தப் பெயரை உதறவில்லை. எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனது அதனால்தான். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஆலிவர். முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் மூன்றாவதாகக் கையெழுத்திட்டவர். தகப்பன் வழியில் பார்த்தால் அவர் ஒரு வில்லியம்ஸ். குடும்பத்துப் பத்திரங்களிலும் ‘வில்லியம்ஸ் என்கிற கிராம்வெல்’ என்றுதான் எழுதிவந்திருக்கிறார்கள், நம் ஊர்ப் பத்திரங்களில் வருகிற அதே ‘என்கிற’.

சார்லஸோடு போன மன்னராட்சி திரும்பியதும் அந்த ‘என்கிற’ கைகொடுத்தது. 1661இல் ஆலிவரின் உடலைக் கல்லறையிலிருந்து தோண்டியெடுத்துத் தூக்கில் தொங்கவிட்டு, தலையைக் கழியில் செருகி வெஸ்ட்மின்ஸ்டரில் நிறுத்தினார்கள். ராம்சி கிளையில் ஒருவர் சத்தம் போடாமல் மறுபடி வில்லியம்ஸ் ஆகிவிட்டார். யார்தான் ஆக மாட்டார்கள்?

(லிங்கன்ஷயரில் செங்கல் கோபுரக் கோட்டை கட்டிய 15ஆம் நூற்றாண்டு ரால்ஃப் கிராம்வெல் பிரபு வேறு குடும்பம். பிழைதிருத்தும் தம்பிக்கு அதையும் சொல்லிவிட்டேன்.)

இவ்வளவையும் இன்று நாம் தேடிப் பிடிக்க முடிகிறதென்றால் அதிலும் தாமஸுக்குப் பங்குண்டு. ஒவ்வொரு தேவாலயத்திலும் ஒரு பதிவேடு வைத்து, அந்த வாரத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஞாயிறுதோறும் எழுத வேண்டும் என்று 1538இல் உத்தரவிட்டவர் அவர்தான். பதிவேட்டை வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு; ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றது கோவில் நிர்வாகிகளிடம். புதிதாக ஏதோ வரி வரப்போகிறது என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள்.

அந்த உத்தரவின்படி எழுதப்பட்டுவந்த ஹன்டிங்டன் பதிவேடு ஒன்றில், 1599 ஏப்ரல் 29 தேதியில், ராபர்ட் கிராம்வெல்லின் மகன் ஆலிவருக்கு ஞானஸ்நானம் என்று இருக்கிறது. பிற்பாடு யாரோ ஒருவர், இங்கிலாந்தைப் பிடித்த கொள்ளைநோய் இவன் என்ற பொருளில் அதன் அருகே கிறுக்கிவைத்திருக்கிறார். வேறு யாரோ அதை அடித்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்