செல்லரித்த சுவடியும் சிதைந்த படச்சுருளும்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே வல்லம் வடகால் என்னும் ஊர் உள்ளது. ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த அந்நிலப்பகுதி இன்று தொழிற்பேட்டையாகத் திகழ்கின்றது. இளைஞரும் மகளிரும் நுண்ணிய உறுப்புகளைக் கண்ணால் ஆராய்ந்து, கையால் இணைத்துப் புதிய கருவிகளை ஆக்குகின்றனர். புதியன ஆக்கும் தொழில் நாட்டுக்குச் செல்வம் தரும். ஆயினும், பழையன காக்கும் தொழிலுக்கும் அதே கூரிய கண்ணும் பொறுமை மிக்க கையும் வேண்டும். அத்தகைய தொழில்களுள் ஒன்று, சிதைந்த திரைப்படச் சுருள்களைச் செப்பனிடுதல்.

பழந்தமிழ் ஏடுகளுக்கு நேர்ந்த கதி யாவரும் அறிந்ததே. செல்லுக்கும் நெருப்புக்கும் இரையானவை போக, எஞ்சியவற்றை உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் சென்று தேடினார். பல படிகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தெளிந்தார். 1887-இல் சீவகசிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். அவருக்கு முன்பே அழிந்த நூல்களை மீட்க எவராலும் இயலவில்லை. பழுதுபட்டதைச் செப்பனிடலாம், அழிந்துபோனதைச் செப்பனிட வழியில்லை.

திரைப்படத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் நடராச முதலியார் எடுத்த ‘கீசகவதம்’ தென்னாட்டின் முதல் ஊமைப்படம். 1931-இல் எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி நடித்த ‘காளிதாஸ்’ தமிழின் முதற் பேசும்படம். இவ்விரண்டிற்கும் ஒரு படியேனும் இன்று கிடைத்திலது. ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய பாடல்கள் கிடைத்திருக்க, நூறாண்டும் நிரம்பாத பேசும்படம் மறைந்தது வியப்பன்றோ!

இவ்வழிவுக்குக் காரணங்கள் உள. ஏறத்தாழ 1950 வரை வழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும். நீரில் அமிழ்த்தினும் அணையாது எரியும். அதன்பின் பரவலாக வழங்கிய அசிட்டேட் சுருளோ வெப்பமும் ஈரமும் பட்டால் காடியின் புளிப்பு நாற்றம் வீசிச் சுருங்கி நெளியும். ஒரு சுருளினின்று எழும் காடியாவி அருகிலுள்ள சுருளையும் கெடுக்கும். வண்ணப்படங்களிலோ நாளடைவில் சாயம் வெளிறிக் காட்சி செந்நிறமாகும். இயற்கை செய்த கேடு இவ்வாறிருக்க, கறுப்பு வெள்ளைச் சுருளில் உள்ள வெள்ளிக்காக அதனை உருக்க விற்றவரும் உண்டு.

செப்பனிடும் முறை சுவடிப் பதிப்பையே ஒத்தது. முதலில் ஒரு படத்தின் படிகளையெல்லாம் தேடித் திரட்டுவர். அவற்றுள் நல்ல பகுதிகளைத் தெரிந்தெடுப்பர். கிழிந்த ஓரத்துளைகளை ஒட்டி, அழுக்கை அகற்றுவர். பின்பு ஒவ்வொரு படத்தையும் கருவியால் ஒளிவருடிக் கணினியில் ஏற்றி, கீறலையும் கறையையும் நீக்குவர். ஒலியைத் தனியே தூய்மை செய்வர். வினாடிக்கு 24 படங்கள் ஓடுவதால், இரண்டரை மணி நேரத் திரைப்படத்தில் 2,16,000 படங்கள் இருக்கும். இப்பணியின் அருமையை இக்கணக்கே உணர்த்தும்.

சத்யஜித் ராய் எடுத்த ‘பாதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’, ‘அபுர் சன்சார்’ ஆகிய மூன்று படங்களின் மூலச்சுருள்கள் 1993-இல் இலண்டன் நகரில் நேர்ந்த தீ விபத்தில் கருகின. கருகியவற்றைக் குப்பையில் எறியாமல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் பாதுகாத்தனர். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்குப் பின், இத்தாலி நாட்டுப் பொலோனா நகர வல்லுநர்கள், முறுகிய சுருள்களை மருந்து கலந்த ஈரத்தால் நெகிழச் செய்து, ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் கையாலேயே உழைத்தனர். முதலிரு படங்களின் பல பகுதிகள் மூலத்தினின்றே மீண்டன. மூன்றாம் படத்தின் மூலம் பயன்படாது போகவே, வேறு படிகள் துணையாயின. 2015-இல் மூன்றும் புத்துயிர் பெற்றுத் திரையேறின. சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உதயசங்கர் எடுத்து 1948-இல் வெளிவந்த ‘கல்பனா’வும் பொலோனாவிலேயே செப்பமுற்று, 2012-இல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பெற்றது.

இத்தொழிலுக்கு அறமும் உண்டு. நல்ல பதிப்பாசிரியர் ஏட்டில் சிதைந்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவாரேயன்றித் தம் சொல்லைப் புகுத்தார். அதுபோலச் செப்பனிடுவோரும் பழம்படத்தில் இல்லாத பொலிவை ஏற்றலாகாது. கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் தீட்டுவது செப்பனிடுதல் ஆகாது. மூலத்தை மதியாத திருத்தமும் ஒருவகைச் சிதைவே.

கேளிக்கைப் படங்களுக்கு இத்துணைச் செலவு எதற்கு எனச் சிலர் வினவுவர். கேளிக்கைக்காக எடுத்தனவே ஆயினும், அவற்றில் ஒரு காலத்தின் பேச்சும் பாட்டும் தெருவும் உடையும் உயிரோடு உறைகின்றன. மறைந்த கலைஞரின் குரலையும் அசைவையும் எந்த நூலும் அவ்வாறு காட்டாது. 1964-இல் வெளிவந்த ‘கர்ணன்’ 2012-இல் செப்பமுற்றுத் திரும்பிவந்தபோது, மக்கள் திரளாகச் சென்று கண்டனர். பழம்படத்தைப் போற்றுவார் இலர் என்பது பொருந்தாக் கூற்று.

தமிழ்நாட்டில் இக்கலைக்குரிய திறன் இல்லாமல் இல்லை. சென்னைப் பிரசாத் நிறுவனத்தார் பிறநாட்டுப் படங்களையும் செப்பனிட்டுத் தந்துள்ளனர். அயலார் பொருளைச் சீர்செய்யும் நாட்டில் சொந்தப் பொருள் அழிவது முறையன்று. 1964-இல் புனே நகரில் நிறுவப்பெற்ற தேசியத் திரைப்படக் காப்பகம் பல மொழிப் படங்களைக் காத்து வருகின்றது. ஆனால் ஒரே இடத்தில் வைத்த பொருளை ஒரே தீ அழித்துவிடக்கூடும். 2003-இல் அந்நகரிலேயே நைட்ரேட் சுருள்கள் பல தீக்கிரையாயின. ஆதலின், தமிழ்ப் படங்களுக்கெனக் குளிர்ந்த, ஈரம் குறைந்த காப்பறைகள் தமிழ்நாட்டிலும் அமைதல் வேண்டும். நுண்தொழிலில் பழகிய வல்லம் வடகால் போன்ற இடங்களின் இளைஞருக்கு இக்கலையையும் பயிற்றுவித்தல் நன்று.

பரணில் கிடக்கும் பழஞ்சுருளின் பெட்டியைத் திறந்தவுடன் காடி நாற்றம் வீசினால், பயனற்றதென்று அதை வீசிவிடுதல் தகாது. கருகிய சுருளும் மீண்டது. வீசியெறிந்த சுருள் மீளாது.