பின்னிருக்கையில் அமரப்போவது யார்?



மகனுக்குப் பதினெட்டு வயது நிறைகிறது. வளைகுடாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வந்திருக்கும் தந்தையிடம் அவன் வைக்கும் முதல் கோரிக்கை பைக். ‘யமஹா ஆர்15’ என்கிறான் அவன். ‘ஹோண்டா யூனிகார்ன் போன்ற ஒன்று போதாதா?’ என்கிறார் தந்தை. இரண்டு நாள் வாதம் நடக்கிறது. மூன்றாம் நாள் தந்தை தோற்றுப்போகிறார். ஆண்டுக்கு ஒரு மாதமே பிள்ளையோடு வாழ வாய்த்தவருக்கு ‘இல்லை’ என்று சொல்ல நா எழுவதில்லை. விட்டுப்போன பதினொரு மாதங்களுக்கும் சேர்த்து அந்த வண்டியை ஈடாகக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறிவிடுகிறார்.

இது பாசமன்று என்பதை வெளிப்படையாகவே சொல்கிறோம். பாசத்தின் பெயரால் செய்யப்படும் கடமைத் தவறு இது. அந்த மூன்று நாள் வாதத்தில் ஒருவரிடம் மட்டும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்தான் அந்த வண்டியின் பின்னிருக்கையில் அமரப்போகும் தாய்.

நம் வீடுகளில் ஒரு பைக் செய்யும் வேலைகளை எண்ணிப் பாருங்கள். பஜ்ருத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்ல வேண்டும். தங்கையைப் பேருந்து நிறுத்தத்தில் விட வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். கறியும் காய்கறியும் வாங்கி வர வேண்டும். நோன்புக் காலத்தில் கஞ்சித் தூக்கும் அதில்தான் தொங்கும். இவற்றுள் எந்த வேலைக்குப் பந்தய வண்டியின் சாயல் தேவைப்படுகிறது?

2008-இல் இந்தியச் சந்தைக்கு வந்த ஆர்15 பந்தய வண்டியின் வடிவில் அமைந்தது. தாழ்ந்த கைப்பிடிகள் ஓட்டுபவரை முன்னோக்கிக் குனிய வைக்கின்றன. அவரது எடையின் ஒரு பகுதி மணிக்கட்டுகளில் இறங்குகிறது. பின்னிருக்கையோ தனியே உயர்த்தப்பட்ட சிறு துண்டு. அதில் அமர்பவர் ஓட்டுபவரை விட உயரத்தில், பற்றிக்கொள்ள வசதியான பிடியின்றி, ஒவ்வொரு பிரேக்கிலும் முன்னால் சரிகிறார். முழங்கால் வலியுள்ள ஒரு தாய் அங்கே ஒருபுறமாக அமர்ந்து எவ்வளவு தூரம் போக முடியும்? யூனிகார்ன் போன்ற வண்டியில் இருக்கை நீளமாக, ஏறத்தாழச் சமதளமாக இருக்கிறது. பின்னால் பற்றிக்கொள்ளக் கம்பியும் இருக்கிறது. கவர்ச்சி குறைவுதான். ஆனால் அதில் இருவர் மனிதர்களைப் போல அமர்ந்து பயணம் செய்யலாம்.

நம் வீடுகள் தனியாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பின்னால் அமர்பவர் பற்றிக்கொள்ள நிலையான பிடி, கால் வைக்கப் படி, அவரது ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு ஆகிய மூன்றும் ஒவ்வொரு பைக்கிலும் இருக்க வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி கூறுகிறது. மக்கள் ‘சாரி கார்டு’ என்று சொல்வது அந்தக் காப்பைத்தான். பந்தயச் சாயல் வண்டி வாங்கிய இளைஞர் பலர் முதல் வேலையாகக் கழற்றி எறிவதும் அதைத்தான். ‘பார்க்க அசிங்கமாக இருக்கிறது’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். புர்கா அணிந்த தாயும் துப்பட்டா போர்த்திய தங்கையும் அமரும் இருக்கைக்குக் கீழே, சுழலும் சக்கரத்தைத் திறந்து விடுவது எவ்வகை அழகு? ஆடை நுனி ஒன்று சக்கரத்தில் சுற்றிக்கொள்ளக் கண்ணிமைக்கும் நேரம் போதும்.

‘அந்த வண்டியில் இழுவை இல்லை’ என்பது பிள்ளைகளின் அடுத்த வாதம். கணக்கைப் பார்ப்போம். 155 சிசி ஆர்15 தருவது ஏறத்தாழ 18 குதிரைத்திறன். 163 சிசியை ஒட்டிய யூனிகார்ன் தருவது ஏறத்தாழ 13. ஆனால் முறுக்குவிசை இரண்டிலும் ஏறத்தாழ 14 நியூட்டன் மீட்டர்தான். ஆர்15 அதன் உச்சத்தை எட்ட எஞ்சின் நிமிடத்திற்கு 7,500 முறை சுழல வேண்டும். யூனிகார்னுக்கு ஐயாயிரத்தைச் சற்றே தாண்டினால் போதும். ஆக, சந்தை நெரிசலில் இருவரைச் சுமந்துகொண்டு மெல்லச் செல்லும்போது உடனே கைகொடுப்பது எளிய வண்டியே. ஆர்15-இன் கூடுதல் ஆற்றல் வெளிப்படுவதெல்லாம் நம் தெருக்களில் எவரும் எட்டக் கூடாத வேகத்தில்தான்.

அந்த வேகத்தின் விலையையும் அறிய வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் 80 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. 80-இல் செல்லும் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடக்கிறது. ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருவதைக் கண் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்குள் அத்தனை தூரம் போய்விடும்.

எதிர்த் தரப்புக்கும் நியாயம் செய்வோம். ஆர்15-இல் இரு சக்கரங்களுக்கும் ஏ.பி.எஸ். உண்டு, வளைவுகளில் அதன் உறுதி சிறப்பானது. ‘தவறு வண்டியிலில்லை, ஓட்டுபவனிடமே’ என்பதிலும் உண்மை உண்டு. எளிய வண்டியில் பறந்து உயிரை மாய்த்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வேகக்கலையை உண்மையாகவே நேசிக்கும் பிள்ளைக்கு இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. கோவை அருகே கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. உரிய பயிற்சியோடும் பாதுகாப்பு உடையோடும் அங்கே சென்று கற்கட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வயதுக் கையில், ஒவ்வொரு நாளும் ‘இன்னும் முறுக்கு’ என்று அழைக்கும் வண்டியைக் கொடுத்துவிட்டு, ‘மெல்லப் போ மகனே’ என்று உபதேசிப்பதில் என்ன பொருள்?

பணத்தின் பக்கம் இதைவிடக் கசப்பானது. கையிலுள்ள தொகைக்கு எளிய வண்டி கிடைக்கும். பந்தயச் சாயலுக்குத் தொகை போதாது. அந்த இடைவெளியை நிரப்ப வட்டிக் கடன் வருகிறது. வட்டி ஹராம் என்று மேடைதோறும் கேட்டவர்கள்தாம் நாம். உயிர் காக்கும் சிகிச்சைக்கே கடன் வாங்க நடுங்கும் குடும்பம், பின்னிருக்கையில்லா ஒரு வண்டிக்காகத் தவணைப் படிவத்தில் கையெழுத்திடுகிறது. இதைத் தேவை என்று எந்த மனசாட்சி ஒப்புக்கொள்ளும்?

பதினெட்டு நிறையாத பிள்ளையிடம் சாவி கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு சொல். 2019 திருத்தத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

என்ன செய்யலாம்? வண்டி வாங்கப் போகும் நாளில் உம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவரைப் பின்னிருக்கையில் அமர வையுங்கள். பிறர் தூக்கிவிடாமல் அவர் ஏறி, அச்சமின்றி அமர்ந்து, தாமே இறங்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுவே உங்கள் வீட்டு வண்டி. கையோடு இரண்டு தலைக்கவசங்கள் வாங்குங்கள், ஒன்று அவருக்கு. சாரி கார்டைக் கழற்றுவதில்லை என்று மகனிடம் வாக்குறுதி பெறுங்கள்.

சகோதரர்களே! பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நாம் இங்கில்லாத மாதங்களில் அவனது பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் தாயும் தங்கையும் அவ்வாறே. அவன் முகம் மூன்று நாள் வாடுவதைப் பொறுத்துக்கொள்வோம். அயல்நாட்டில் நள்ளிரவில் வரும் ஒரு தொலைபேசி அழைப்பைப் பொறுத்துக்கொள்வது அதைவிடக் கடினம்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.