பொந்தில் இருப்பது எந்தச் சிட்டு?

கேள்வி: ‘‘வீட்டுத் தாழ்வாரத்தில் சிட்டுக்குருவிக்காக அட்டைப்பெட்டி கட்டி வைத்து ஒரு வருஷம் ஆகிறது. ஒரு குருவிகூட வரவில்லை. ஆனால், தோட்டத்தில் பட்டுப்போன வேப்பமரத்தின் பொந்துக்குள் சிட்டுக்குருவி போலவே ஒரு ஜோடி போய் வருகிறது. மரத்தை விறகுக்குக் கொடுத்துவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மரத்தை வெட்டினால் அந்த ஜோடி பெட்டிக்கு வந்துவிடுமா?’’
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: மரத்தில் கோடாரி விழுவதற்கு முன்பு, பொந்தில் இருப்பது எந்தச் சிட்டு என்று பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் ‘சிட்டு’ என்ற பெயரில் ஒரே சாயலில் இரண்டு பறவைகள் இருக்கின்றன. ஒன்று, அனைவருக்கும் தெரிந்த ஊர்க்குருவி எனப்படும் சிட்டுக்குருவி. மற்றொன்று, மஞ்சள்தொண்டைச் சிட்டு. தோட்டம், தோப்பு, மானாவாரிக் காடு, புதர்க்காடு ஆகிய இடங்களில் இது வாழ்கிறது. பலரும் இதைத் தினமும் பார்த்தும் ‘குருவிதானே’ என்று கடந்துபோகிறார்கள்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் வாழ்க்கையே இந்தக் குழப்பத்தில்தான் தொடங்கியது. சிறுவனாக இருந்தபோது அவர் காற்றுத்துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். ஊர்க்குருவி போலத்தான் இருந்தது. ஆனால், தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்னவென்று தெரிந்துகொள்ள பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்பவர், அது மஞ்சள்தொண்டைச் சிட்டு என்று சொன்னதோடு, கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். 1985-ம் ஆண்டு வெளியான தன் வரலாற்று நூலுக்கு சாலிம் அலி வைத்த தலைப்பிலேயே அந்தக் குருவி இருக்கிறது.

இரண்டையும் பிரித்தறிய இந்த அடையாளங்களைப் பாருங்கள்.

தொண்டை: ஆண் சிட்டுக்குருவிக்குத் தொண்டையும் மார்பின் மேற்பகுதியும் கறுப்பாக இருக்கும். உச்சந்தலை சாம்பல் நிறம், கன்னம் வெளுப்பு. மஞ்சள்தொண்டைச் சிட்டில் கறுப்பே இருக்காது. ஆணின் தொண்டைக்குக் கீழே வெளிர் மஞ்சள் திட்டு இருக்கும். தலையைத் தூக்கினால்தான் அது கண்ணில் படும். பெண்ணுக்கு மஞ்சள் மிகவும் மங்கல். சிலவற்றில் தெரியவே தெரியாது.

முதுகு: பெண் பறவைகளைப் பிரித்தறிய முதுகுதான் நல்ல அடையாளம். சிட்டுக்குருவியின் முதுகில் கரும்பழுப்புக் கோடுகள் ஓடும். மஞ்சள்தொண்டைச் சிட்டின் முதுகு, கோடே இல்லாத சாம்பல் கலந்த பழுப்பு.

தோள்பட்டை: மஞ்சள்தொண்டைச் சிட்டு ஆணின் தோளில் செங்கல் நிறத் திட்டும், இறக்கையில் இரண்டு வெள்ளைக் கோடுகளும் இருக்கும்.

அலகு: சிட்டுக்குருவிக்குக் குட்டையான, தடித்த அலகு. மற்றதற்குக் கொஞ்சம் மெலிந்து நீண்ட அலகு. உடலும் சற்று ஒல்லி.

பொந்தில் இருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. சிட்டுக்குருவியும் சில நேரங்களில் மரப்பொந்தில் கூடு வைக்கும். காலை வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, மரத்திலிருந்து 25 அடி தள்சி நின்று அரை மணி நேரம் பாருங்கள். பொந்துக்குள் கை விடவோ, குச்சியால் குத்தவோ வேண்டாம்.

தொண்டையில் கறுப்பு இல்லை, முதுகில் கோடு இல்லை என்றால் அது மஞ்சள்தொண்டைச் சிட்டுதான். அப்படியானால், மரத்தை வெட்டினால் அது தாழ்வாரத்துப் பெட்டிக்கு வரும் என்று எதிர்பார்க்க முடியாது. வீட்டுச் சுவர் ஓட்டையில் இது அபூர்வமாகக் கூடு வைப்பது உண்டு என்றாலும், பெரும்பாலும் நம்பியிருப்பது மரப்பொந்தைத்தான். அந்தப் பொந்தையும் தானாகக் குடைந்துகொள்ளத் தெரியாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் குடைந்து விட்டுப்போனதிலோ, கிளை உளுத்து உண்டான துளையிலோதான் குடியேறும். பட்ட மரங்கள் குறையக் குறைய அதற்கு இடமும் குறைகிறது.

அது சிட்டுக்குருவியாகவே இருந்தாலும் இப்போது வெட்ட வேண்டாம். வாயில் புழு, வெட்டுக்கிளியுடன் உள்ளே போகிறது என்றால், உள்ளே குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு சிட்டுகளும் பெரிதானபின் தானியம் கொத்தினாலும், குஞ்சுக்குப் பூச்சிகளைத்தான் ஊட்டும். கதிர் முற்றும் நேரத்தில் கம்பு, சோளத்தில் கொஞ்சம் சேதம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால், பக்கத்து வயலில் பூச்சிக்கொல்லி தெளித்தால், அந்தப் பூச்சிகளைத் தின்னும் குஞ்சுகளுக்கும் நஞ்சு போய்ச்சேரும்.

விறகும் வேண்டும், குருவியும் இருக்க வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. இனப்பெருக்கம் முடிந்து, பொந்துக்குப் போக்குவரத்து முழுவதுமாக நின்றபின் பக்கக் கிளைகளை மட்டும் கழித்து எடுத்துக்கொள்ளலாம். பொந்து இருக்கும் அடிமரத்தை, பொந்துக்கு மேல் இரண்டு மூன்று அடி விட்டு நிறுத்திவிடுங்கள். பாரம் குறைவதால் காற்றில் சாயும் பயமும் குறையும். வீடு, மாட்டுக்கொட்டகை, மின்கம்பிக்குப் பக்கத்தில் இருந்து, அடிமரமே உளுத்திருந்தால் மட்டும் முழுமையாக அகற்றலாம்.

தாழ்வாரத்துப் பெட்டி தனிக் கதை. அட்டைப்பெட்டியை மாற்றி மரப்பெட்டி வையுங்கள். துளை ஒன்றேகால் அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும். எட்டு முதல் பத்தடி உயரத்தில், நேர் வெயிலும் மழையும் படாமல், பூனை ஏற முடியாத இடத்தில் மாட்டுங்கள். ஊருக்குள் ஏற்கெனவே சிட்டுக்குருவி இருந்தால் தேடி வரும். வீட்டுக்குப் பெட்டி, தோட்டத்துக்குப் பட்ட மரம் என்று இரண்டுமே இருக்கட்டும்.