தாத்தாவின் கண்ணாடி பேரனுக்கு ஆகுமா?

"என் மகன் நாலாம் ஆண்டு படிக்கிறான். வகுப்பில் பலகையில் எழுதுவது தெரியவில்லை என்கிறான். அவன் தாத்தாவின் பழைய மூக்குக் கண்ணாடி வீட்டில் சும்மா கிடக்கிறது. சட்டத்தை மட்டும் மாற்றிப் போட்டுவிடலாமா?" என்று தோட்டத்துத் தாய் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம் அம்மா. போட்டால் பையனுக்கு இப்போது தெரிவதும் தெரியாமல் போகலாம். காரணத்தைச் சொல்கிறேன்.

மழை விட்டபின் தோட்டத்து மண் சாலையில் லாரி போகிறது. சேற்றுக்குள் சாய்வாக இறங்கினால் என்ன ஆகும்? முதலில் சேற்றைத் தொட்ட சக்கரம் வேகம் குறையும். மறுபக்கத்துச் சக்கரம் பழைய வேகத்திலேயே உருளும். லாரி சேற்றுப் பக்கமாகத் திரும்பிவிடும். ஒளியும் அப்படித்தான். காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் போகிற ஒளி, கண்ணாடிக்குள் நுழைந்ததும் 2 லட்சம் அளவுக்குக் குறைகிறது. சாய்வாக நுழைந்தால் திசை திரும்புகிறது. வெளியே வரும்போது இன்னொரு முறை திரும்புகிறது.

இதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒளி கண்ணாடியின் தடித்த பக்கமாகவே வளையும். நடுவில் தடித்த வில்லை ஒளியை நடுவே கூட்டிக் குவிக்கும். அது குவிவில்லை. ஓரம் தடித்து நடு மெலிந்தது ஒளியை விரித்துவிடும். அது குழிவில்லை.

கண்ணுக்குள்ளும் ஒரு வில்லை உண்டு. கிட்டத்தில் பார்க்க அது சற்றுப் புடைக்க வேண்டும். 40 வயதைத் தாண்டினால் அந்த நெகிழ்வு குறைகிறது. பத்திரிகையை எட்டிப் பிடித்துப் படிக்கிறோம். தாத்தாவின் குவிவில்லை அந்தக் குறையை ஈடு செய்கிறது. சீட்டில் +2 என்று இருந்தால், தூரத்து ஒளியை அரை மீட்டரில் குவிக்கும் வில்லை என்று பொருள். +4 என்றால் கால் மீட்டர்.

பையன் கதை வேறு. தூரம் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கண்விழி சற்று நீண்டு வளர்ந்திருக்கும். பிம்பம் பின்திரையை எட்டுமுன்பே குவிந்துவிடும். அவனுக்கு ஒளியை விரித்துத் தள்ளும் குழிவில்லைதான் வேண்டும். சீட்டில் கழித்தல் குறி இருக்கும். ஏற்கெனவே முன்னால் குவிகிற ஒளியைத் தாத்தாவின் கண்ணாடி இன்னும் முன்னால் இழுக்கும். இரவுச் சந்தையில் அடுக்கி விற்கும் வாசிப்புக் கண்ணாடிகளும் குவிவில்லைகளே. அவற்றையும் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எது எந்த வில்லை என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடியைப் பத்திரிகைக்குச் சற்று மேலே பிடியுங்கள். எழுத்து பெரிதானால் குவி, சிறிதானால் குழி.

மூக்குக் கண்ணாடி 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இத்தாலியில் வந்துவிட்டது. அது எப்படி வேலை செய்கிறது என்று கெப்ளர் சரியாக விளக்கியது 1604-இல். முந்நூறு ஆண்டுகள் காரணம் தெரியாமலே மாட்டிக்கொண்டிருந்தார்கள்!

பையன் கண்ணை இடுக்கிப் பார்க்கிறானா, தொலைக்காட்சிக்கு அருகில் போய் உட்காருகிறானா என்று கவனியுங்கள். சுவரில் நாள்காட்டியைத் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொல்லுங்கள். பலகை தெரியாத பிள்ளையை "மண்டு" என்று கடைசி வரிசைக்குத் தள்ளிய கதைகள் நம்மிடம் ஏராளம். பட்டணத்துக்குப் போய் முறையாகக் கண்ணைச் சோதித்துவிடுங்கள். ஒரு நாள் சம்பளம் போனாலும் போகட்டும்.

கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்பது வீண் பேச்சு. பெண் பிள்ளைக்குப் போட்டால் மாப்பிள்ளை வரமாட்டான் என்பது அதைவிட மோசம். பிள்ளை வளர வளர விழியும் நீளும், எண் மாறும்; ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி காட்டுங்கள். பகலில் வெளியே ஓடி விளையாட விடுங்கள். கிட்டப்பார்வை வருவதை அது ஓரளவு தடுக்கிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன.

தாத்தாவின் கண்ணாடியை எறிய வேண்டாம் அம்மா. விரலில் செம்பனை முள் ஏறினால், கையில் பிடித்துப் பார்த்து எடுக்க நன்றாக உதவும்.